கை வைத்தால் நிற்கும் சத்தம்

நாலாவது கியரில் வேகம் 45-ஐத் தொட்டதும் ஆரம்பிக்கும். தகர டப்பாவுக்குள் நாலு புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கியது மாதிரி முதலில் ஒரு கிலுகிலுப்பு. 50-க்கு வந்தால் கடகடவென்று ஆகிவிடும். 60-ஐத் தாண்டினால் குறையும்தான், ஆனால் எங்கள் ஹெரால்டு காரை 60-க்கு மேல் நான் விரட்டுவதில்லை. ஆக, நான் ஓட்டுகிற நேரம் முழுக்கக் கியர் ராடு பேசிக்கொண்டே வரும்.

வண்டி என் தாய்மாமாவுடையது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு, 948 சிசி. ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று இங்கிலாந்தில் ஓடிய அதே வண்டிதான். உருவம் வரைந்தவர் இத்தாலியர் ஜொவானி மிக்கெலோட்டி. 1961-லிருந்து இதைச் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி தயாரித்தது. நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் வந்தது. மாமாவுக்கு மதுரையில் மேலமாசி வீதிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் கடை இருந்தது. வெறும் 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும் வண்டி இது. மற்ற கார்க்காரர்கள் முன்னும் பின்னும் நாலு தடவை எடுத்துத் திருப்புகிற இடத்தில் மாமா ஒரே ஒடிப்பில் திருப்பிவிட்டுப் போவார். அவர் காலமானபின் வண்டி என்னிடம் வந்து 11 வருடம் ஆகிறது.

சத்தம் மாமா காலத்திலேயே கொஞ்சம் இருந்தது. ராடின் அடியில் சைக்கிள் டியூபை வெட்டி இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருந்தார். வெயிலில் அது இளகிப் பிசுபிசுத்துப் போனதும் நான் எடுத்துப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு நான் கண்டுபிடித்த வழி, இடது கையை எப்போதும் ராடு மேலேயே வைத்துக்கொள்வது. கை இருந்தால் சத்தம் நின்றுவிடும். வருடக்கணக்கில் அப்படித்தான் ஓட்டினேன்.

இது எவ்வளவு பெரிய தவறு என்று அப்போது எனக்குத் தெரியாது. கியர்பாக்ஸுக்குள் ஒவ்வொரு கியரையும் தள்ளுவது ஒரு கவட்டை. ஃபோர்க் என்பார்கள். அது சுற்றிக்கொண்டிருக்கும் ஸ்லீவ் என்ற வளையத்தின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். கியர் விழுந்தபிறகு அந்தக் கவட்டை ஸ்லீவைத் தொட்டும் தொடாமலும் சும்மா நிற்க வேண்டும். நாம் கையைப் போட்டு அழுத்தினால் அந்த எடை கவட்டையைப் போய்ச் சேரும். அது ஓடுகிற ஸ்லீவின் மேல் உரசிக்கொண்டே வரும், தேயும். தேய்ந்தால் ஒருநாள் கியர் தானாக நழுவி வெளியே வரும். கைக்கு ஓய்வு என்று நாம் நினைப்பது கியர்பாக்ஸுக்கு வேலை.

போன சித்திரையில் அழகர்கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது என் மனைவிதான் இதைச் சரியாகக் கவனித்தாள். "என்னங்க, கைய எடுங்க... இப்ப வைங்க... இப்ப ஒரே ஒரு விரல மட்டும் வைங்க." ஒரு விரலுக்கே சத்தம் பாதியாகக் குறைந்தது. "பெட்டிக்குள்ள கோளாறுன்னா ஒரு விரலுக்கு எப்படிங்க அடங்கும்?" என்றாள்.

அந்தக் கேள்வி எனக்கு உறைத்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருந்தேன். ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸை இறக்க வேண்டும், பேரிங் எல்லாம் போயிருக்கும், 18,000 ரூபாய் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். பணத்தைக்கூடப் புரட்டி வைத்திருந்தேன்.

அப்புறம்தான் மகபூப்பாளையத்தில் இருக்கும் ஒரு பாயிடம் போனேன். எழுபதைத் தாண்டியவர். இப்போது பட்டறை இல்லை. வீட்டு வாசலில் ஒரு ஸ்டூல், ஒரு பழைய மரப்பெட்டி, அவ்வளவுதான். ஹெரால்டு என்றதும் எழுந்துவிட்டார். இந்த வண்டியின் போனட் முன்பக்கமாக மொத்தமாகக் கவிழ்ந்து திறக்கும், இஞ்சின் முழுக்க வெளியே தெரியும். அதைத் திறந்து வைத்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மூடினார். "ஓட்டுங்க தம்பி" என்று இடது பக்கம் ஏறிக்கொண்டார். எங்கள் ஊர் நாகமலை புதுக்கோட்டை வழியாகத் தேனி ரோட்டில் செக்கானூரணி வரைக்கும் போய் வந்தோம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு ஸ்பானரைக்கூட அவர் எடுக்கவில்லை.

அவர் செய்தது எல்லாம் தொட்டுப் பார்த்ததுதான். முதலில் ராடின் தலையில் இருக்கும் குமிழை மட்டும் இரண்டு விரலால் பிடித்தார். சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. குமிழை விட்டுவிட்டு ராடின் நடுவில் பிடித்தார், கிட்டத்தட்ட நின்றது. இரண்டையும் விட்டுவிட்டு, கியர்பாக்ஸை மூடியிருக்கும் மேட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார்; சத்தத்தின் தொனி மாறியது. கடகடவில் இருந்த தகரத்தனம் போய்விட்டது. பிறகு என்னை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னார், சட்டென்று விடச் சொன்னார். மிதிக்கும்போது ஒரு மாதிரி, விடும்போது வேறு மாதிரி. வண்டியை ஓரங்கட்டி, நியூட்ரலில் வைத்து, நின்ற இடத்திலேயே இஞ்சினை மெதுவாக ரைஸ் பண்ணச் சொன்னார். நின்ற வண்டியிலும் அதே சத்தம் வந்தது. "புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்டா இருந்தா நின்ன வண்டில வராது. அதுல தப்பு இல்ல" என்றார். கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு அது, வண்டி ஓடினால்தான் சுற்றும்.

திரும்பி வரும் வழியில் சொன்னார்: "ஒரு சத்தம் இல்ல தம்பி. மூணு இருக்கு. மேல இருந்து கீழ ஒண்ணொண்ணா இறங்கணும். கீழ இருந்து மேல ஏறுனா பதினெட்டாயிரம்."

என் வாழ்க்கையில் யாரும் இவ்வளவு சுருக்கமாக ஒரு வேலையை விளக்கியதில்லை.

ஏன் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வருகிறது என்று கேட்டேன். நாலு சிலிண்டர் இஞ்சின், ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை எரிப்பு. அந்த உந்தல் சேசிஸ், கியர்பாக்ஸ் எல்லாவற்றையும் அதிர வைக்கும். ராடு ஒரு நீளக் கம்பி, அதன் உச்சியில் ஒரு குமிழ். அந்தக் கம்பி தானாக அதிர விரும்பும் வேகமும் இஞ்சினின் அதிர்வும் ஒன்றாகச் சேருகிற இடத்தில்தான் ஆட்டம் பெரிதாகும். ஆனால் பொருத்து இறுக்கமாக இருந்தால் ராடு அதிரும், பேசாது. பேசுகிறது என்றால் எங்கோ இடைவெளி விழுந்திருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் வேலையை ஆரம்பித்தோம். பாய் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார், நான் செய்தேன். முதலில் நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் செங்கல் வைக்கச் சொன்னார். ராடு கழன்ற வண்டியைக் கியரில் போட்டு நிறுத்த முடியாது. பழைய வண்டியின் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி அதற்குள் தலையை விடக்கூடாது. இதை ஒரு சம்பிரதாயமாக நினைக்காதீர்கள்.

அடுத்தது ஸ்பானர். ஹெரால்டில் இருப்பது இன்ச் அளவு நட்டு போல்ட். அரை இன்ச் என்பது 12.7 மில்லிமீட்டர். நம்மிடம் இருக்கும் 13-ஆம் நம்பர் ஸ்பானர் அதில் உட்கார்ந்த மாதிரி இருக்கும், பலம் கொடுத்தால் வழுக்கி நட்டின் மூலைகளைத் தின்றுவிடும். என் வண்டியில் ஏற்கெனவே இரண்டு போல்ட் தலை மொழுக்கட்டையாக இருந்ததற்கு இதுதான் காரணம். ஏழு பதினாறும் (7/16) அரை இன்ச்சும் இரண்டே ஸ்பானர், சிம்மக்கல் பக்கம் பழைய சாமான் கடையில் 120 ரூபாய்க்குக் கிடைத்தது. இந்த வண்டி வைத்திருப்பவர்கள் வாங்க வேண்டிய முதல் பொருள் அதுதான் என்பேன்.

குமிழுக்குக் கீழே ஒரு பூட்டு நட்டு இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் இருந்தது, ஆனால் இறுகவில்லை. குமிழ் மரையில் அரைச் சுற்று ஆடிக்கொண்டிருந்தது. இது முதல் சத்தம். சரி செய்ய அரை நிமிடம். 11 வருடம் அதைத் தினமும் பிடித்திருக்கிறேன், ஒருநாள்கூடத் திருகிப் பார்க்கவில்லை.

பிறகு கார்பெட்டைத் தூக்கினோம். கியர்பாக்ஸை மூடியிருக்கும் அந்த மேடு தகரம் இல்லை, அழுத்திச் செய்த அட்டை மாதிரியான ஒரு பொருள். ஹெரால்டில் கியர்பாக்ஸையே கீழே இறக்காமல் வண்டிக்குள்ளிருந்து தூக்கி எடுக்கலாம். அதற்காகத்தான் இந்த மூடியைக் கழற்றுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். ஐம்பது வருடச் சூட்டிலும் எண்ணெயிலும் அதன் ஓரங்கள் அப்பளம் மாதிரி பொரிந்திருந்தன. ஸ்க்ரூ பாதிக்கு மேல் இல்லை. இருந்தவையும் ஓட்டை பெரிதாகிச் சும்மா நின்றன. தரையின் தகரத்தில் அட்டை தட்டுகிற சத்தம்தான் பாய் உள்ளங்கையால் அமுக்கி அடக்கியது. ஓரம் முழுக்கக் கம்பளி ஃபெல்ட் ஒட்டி, பெரிய வாஷர் போட்டு எல்லா ஸ்க்ரூவையும் புதிதாக முறுக்கினோம். நான் சாக்கை மடித்து வைக்கலாமா என்று கேட்டேன். பாய் கடுமையாக மறுத்தார். பக்கத்திலேயே சைலன்ஸர் குழாய் ஓடுகிறது. எண்ணெய் குடித்த சாக்கு அங்கே இருந்தால் திரிதான். சத்தத்துக்காக வண்டிக்குள் துணியோ நாரோ திணிப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனிதான் உண்மையான வேலை.

மூடியைத் தூக்கியதும் ராடின் அடிப்பகுதி முழுசாகத் தெரிந்தது. ராடின் நடுவில் ஓர் உருண்டை. அது நைலான் கிண்ணத்தில் உட்கார்ந்து, மேலே ஒரு ஸ்பிரிங் அதை அமுக்கிப் பிடித்திருக்கிறது. உருண்டைக்குக் கீழே ராடு இன்னும் கொஞ்சம் இறங்கி, ஒரு கண்ணில் முடிகிறது. அந்தக் கண்ணுக்குள் உறை மாதிரி ஒரு ரப்பர் புஷ், அதற்குள் ஒரு சின்ன இரும்புக் குழாய், அதற்குள் ஒரு போல்ட். அந்த போல்ட் வழியாகத்தான் நம் கையின் அசைவு பின்னால் இருக்கும் ஷாஃப்ட்டுக்குப் போய், அங்கிருந்து கியர்பாக்ஸுக்குள் போகிறது.

மூடித் தட்டைக் கழற்றும்போது ஒரு கையால் அமுக்கிக்கொண்டே திருப்ப வேண்டும். ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தில் இருக்கிறது, விட்டால் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. அதைவிட முக்கியம், ராடைத் தூக்கியதும் தெரியும் ஓட்டையை உடனே அடைத்துவிட வேண்டும். பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் பிரிந்து உள்ளே போகும். பழைய வேட்டித் துணியைக் கெட்டியாக மடித்து வைத்தோம். ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் அப்போது நிஜமாகவே கியர்பாக்ஸை இறக்க வேண்டி வரும்.

போல்ட்டை உருவியபோது அதனுடன் கறுப்பு மாவு மாதிரி ஏதோ உதிர்ந்தது. அதுதான் ரப்பர் புஷ்ஷாக இருந்தது. இரும்புக் குழாய் இல்லவே இல்லை. எப்போதோ யாரோ கழற்றியவர்கள் திரும்பப் போடவில்லை போலிருக்கிறது. கண்ணின் ஓட்டை வட்டமாக இல்லாமல் கோழிமுட்டை மாதிரி நீண்டிருந்தது. போல்ட்டைத் துடைத்து நகத்தால் தடவினேன், நடுவில் ஒரு படி தட்டுப்பட்டது. கால் இன்ச் போல்ட், 6.35 மில்லி இருக்க வேண்டும். வெர்னியர் அளவுகோலில் அந்த இடம் 5.8 காட்டியது.

இன்னொன்றையும் பாய் காட்டினார். அது முழு நீளத்துக்கும் மரை போட்ட போல்ட். கடையில் கிடைத்ததை யாரோ மாட்டியிருக்கிறார்கள். மரை என்பது அரம் மாதிரி. புஷ்ஷுக்குள் மரை ஓடினால் ஒவ்வோர் அசைவிலும் அது அராவிக்கொண்டே இருக்கும். இந்த மாதிரி இடத்தில் உடம்பு வழவழப்பாக இருந்து நுனியில் மட்டும் மரை இருக்கிற போல்ட்தான் போட வேண்டும். நீளம் அதிகமாக இருந்தால் நுனியை அறுத்துக்கொள்ளலாம், வழவழப்பான பகுதி குறையக் கூடாது.

கீழே ஆட்டம் மொத்தம் ஒரு மில்லிக்குக் கொஞ்சம் அதிகம். இதற்கா இவ்வளவு சத்தம் என்று தோன்றும். உருண்டையிலிருந்து கண் வரை ராடின் நீளம் சுமார் 5 சென்டிமீட்டர், உருண்டையிலிருந்து குமிழ் வரை சுமார் 30. கீழே ஒரு மில்லி ஆடினால் மேலே ஆறு மில்லி. நியூட்ரலில் என் ராடு அங்கிட்டும் இங்கிட்டும் அலைந்ததற்குக் கணக்கு இப்படிச் சரியாக வந்தது.

ஸ்டாண்டர்டு கம்பெனி 1980-களின் கடைசியிலேயே நின்றுபோனது. ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காருக்கும் இதே குடும்பத்து கியர்பாக்ஸ்தான் என்பதால் இங்கிலாந்தில் புது புஷ் இன்றும் செய்கிறார்கள், தபால் செலவோடு வரவழைக்கலாம். பாய் அதற்குச் சம்மதிக்கவில்லை. முட்டையாகிவிட்ட ஓட்டையில் புது புஷ் போட்டாலும் ஆடத்தான் செய்யும். முதலில் ஓட்டையை வட்டமாக்க வேண்டும், பிறகு அந்த அளவுக்குப் புஷ் கடைய வேண்டும். கே.புதூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம்.

அங்கே கடைசல் வேலை செய்யும் அண்ணன் நைலான் ராடை எடுத்தவர் மறுபடி வைத்துவிட்டார். நைலான் ஈரத்தைக் குடித்து உப்பும், மழைக்காலத்தில் ராடு இறுகும் என்றார். டெல்ரின் என்ற பிளாஸ்டிக் ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, கடைவதற்கும் நன்றாக இருக்கும் என்று அதில் செய்து கொடுத்தார். கண்ணை வட்டமாகப் போரிங் போட்டு, இரண்டு பக்கமும் விளிம்பு வைத்த புஷ் இரண்டு. பழைய ரப்பர் அதிர்வைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், டெல்ரின் வாங்காது. அதனால் கியர் போடும்போது கைக்குக் கொஞ்சம் கெட்டியாகத் தெரியும் என்று முன்பே சொல்லிவிட்டார். அது உண்மை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

இரும்புக் குழாயை மட்டும் வீட்டில் நானே அறுத்தேன், அங்கேதான் பிசகினேன். புஷ்ஷின் நீளத்துக்குச் சரியாக, ஒரு மயிரிழை குட்டையாகவே அறுத்துவிட்டேன். போல்ட்டை இறுக்கியதும் ராடு விறைத்துக்கொண்டது. இரண்டாவது கியர் விழுந்தது, மூன்றாவதற்குத் தள்ள வேண்டியிருந்தது, ரிவர்ஸ் விழவே இல்லை. நட்டைத் தளர்த்தினால் ராடு நன்றாக ஓடும், ஆனால் நட்டு கழன்று வரும். மறுநாள் பாய் வந்து பார்த்ததும் குழாயைத்தான் கேட்டார். போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அந்த இறுக்கம் குழாயின் மேல் விழ வேண்டும், புஷ்ஷின் மேல் விழக் கூடாது. அதற்குக் குழாய் புஷ்ஷைவிட ஒரு துளி நீளமாக இருக்க வேண்டும். புதுக் குழாயை 0.2 மில்லி நீளமாக வைத்து அறுத்து, எமரிப் பேப்பரில் இரண்டு முனையையும் சமமாகத் தேய்த்தேன். தானாகக் கழலாத நைலாக் நட்டைப் போட்டு முழுசாக இறுக்கினோம். ராடு வெண்ணெயில் கத்தி மாதிரி போனது.

உருண்டையின் நைலான் கிண்ணம் தேய்ந்திருந்தாலும் உடையவில்லை. ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் போதாதா என்றேன். இழுத்த ஸ்பிரிங் பத்து நாளில் பழைய நீளத்துக்குப் போய்விடும் என்று பாய் புது ஸ்பிரிங் தேடிக் கொண்டுவந்தார். கிரீஸ் பூசி மாட்டினோம். பின்னால் ஷாஃப்ட்டைக் கியர்பாக்ஸோடு சேர்க்கும் ஜாயின்ட்டின் போல்ட்டையும் பார்த்தோம்; அது நன்றாக இருந்தது, இறுக்கிப் பார்த்ததோடு சரி. கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டுகளில் ஒன்று எண்ணெய் குடித்து மெத்தென்று ஆகியிருந்தது, அதை மாற்றினோம். மவுண்ட் போனால் புஷ் எவ்வளவு புதிதாக இருந்தாலும் ராடு ஆடும்.

மேல் மூடியை மாட்டுவதற்கு முன்னால், இஞ்சினை ஆஃப் செய்த நிலையில் நாலு கியரும் ரிவர்ஸும் பத்துத் தடவை போட்டுப் பார்க்கச் சொன்னார் பாய். எல்லா ஸ்க்ரூவையும் முறுக்கிவிட்டு ரிவர்ஸ் விழவில்லை என்று மறுபடி கழற்றுகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

திறந்தது திறந்தோம் என்று ஆயிலையும் மாற்றினோம். இங்கே ஒரு விஷயம். கடையில் 80டபிள்யூ-90 கியர் ஆயில் கேட்டால் பெரும்பாலும் ஜிஎல்-5 ரகம்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது பின் ஆக்ஸிலுக்குச் சரி. இந்தக் கியர்பாக்ஸுக்குள் கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ வளையங்கள் பித்தளை வகை உலோகம். ஜிஎல்-5-இல் இருக்கும் கந்தகச் சேர்மானங்கள் அதை அரிக்கக்கூடும். டப்பாவில் ஜிஎல்-4 என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். முதல் கியருக்கு இந்த வண்டியில் சிங்க்ரோவே கிடையாது. வண்டி முழுசாக நின்றபிறகுதான் அதைப் போட வேண்டும். ஓடும்போது போட்டால் வரும் கரகரப்பை ராடின் கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது.

லேத் கூலி 450, மவுண்ட், ஸ்பிரிங், போல்ட், ஃபெல்ட், ஆயில் எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய்க்குள் முடிந்தது. பாய் பணம் வாங்க மாட்டேன் என்றார். கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். அவருடைய காதுக்கு அது ரொம்பக் குறைவு.

அன்று மாலை நத்தம் ரோட்டு மேம்பாலத்தில் ஓட்டினோம். ஏழு கிலோமீட்டருக்கு மேல் சிக்னல் இல்லாத பாதை, சத்தம் கேட்பதற்கு மதுரையில் அதைவிட நல்ல இடம் இல்லை. 45, 50, 55. பாலத்தின் இணைப்புகளில் டயர் தட்டுகிற சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. என் இடது கை பழக்கத்தில் ராடுக்குப் போனது. பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி, "கைய எடுங்க" என்றாள்.

ஆறு மாதம் கழித்து மூடியைத் திறந்து போல்ட்டை உருவிப் பார்த்தேன். நகத்தில் ஒன்றும் தட்டவில்லை. பழைய புஷ்ஷின் மிச்சத்தையும் தேய்ந்த போல்ட்டையும் ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு, எல்லா அளவுகளையும் ஒரு தாளில் எழுதி, டேஷ்போர்டு அறையில் வைத்திருக்கிறேன். அந்தத் தாளின் நகல் ஒன்று லேத் பட்டறைச் சுவரிலும் ஒட்டியிருக்கிறது. போன மாதம் திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் தன் ஹெரால்டோடு அங்கே போய், அதே அளவில் இரண்டு புஷ் கடைந்து வாங்கிப் போனாராம். மிஞ்சிய டெல்ரின் துண்டை அண்ணன் எனக்காக எடுத்து வைத்திருக்கிறார்.